ஷெட்யூலிங் ஆய்விதழுக்கு முதல் கட்டுரை: பினாங்கிலிருந்து எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பகலில் உற்பத்தித் தளம், இரவில் ஆய்வு. அவர்களில் ஷெட்யூலிங்கை, அதாவது எந்த வேலையை எப்போது, எதில், யாரை வைத்துச் செய்வது என்று திட்டமிடுவதை, ஆய்வுத் துறையாக எடுத்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆய்வுக்கான பிரச்சினையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். எந்த லாட்டை (ஒன்றாகச் செல்லும் பொருள் தொகுதியை) முதலில் ஏற்றுவது, எந்த இயந்திரத்தின் செட்டிங்கை எப்போது மாற்றுவது, இரவு ஷிப்டுக்கு யாரைப் போடுவது என்று தினமும் யாராவது மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். தொழிற்சாலைக்கு வெளியேயும் அப்படித்தான். யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் தேர்வு அட்டவணை, மருத்துவமனையில் தாதியர் பணிமுறை, பட்டர்வொர்த்துக்குப் போய்வரும் ஃபெர்ரி எல்லாமே ஷெட்யூலிங்தான்.

இவ்வளவு கையில் இருந்தும் முதல் கட்டுரை பல பேருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. நான் படித்துப் பார்த்த வரைவுகளில் பெரும்பாலும் ஒரே குறைதான்: தொழிற்சாலையின் கதை விரிவாக இருக்கும், கணக்கு மங்கலாக இருக்கும். அதனால் எழுத உட்காரும் எல்லோரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி. உங்கள் தொழிற்சாலையைப் பார்த்தே இராத ஒருவர், உங்கள் கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் பாதி வேலை முடிந்தது. இந்த வழிகாட்டியில் வருவதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல வைப்பதற்கான வேலைகள்தான்.

முதலில் இதழைத் தேர்ந்தெடுங்கள்

எழுதி முடித்த பிறகு இதழ் தேடுவது பலருக்குப் பழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் முன்னுரைகூட எழுத முடியாது.

ஷெட்யூலிங்குக்கென்றே இருப்பது ஜர்னல் ஆஃப் ஷெட்யூலிங். 1998இல் தொடங்கிய இதழ், இப்போது ஸ்பிரிங்கர் வெளியீடு. இயந்திர ஷெட்யூலிங், தேர்வு அட்டவணை, தாதியர் பணிமுறை, திட்ட ஷெட்யூலிங் என்று கோட்பாடும் பயன்பாடும் அதில் வரும். இதைத் தவிர யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் ஆப்பரேஷனல் ரிசர்ச், கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச், அனல்ஸ் ஆஃப் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் ஆகியவற்றிலும் ஷெட்யூலிங் கட்டுரைகள் ஏராளம். உங்கள் வேலை தொழிற்சாலைப் பக்கம் சாய்ந்தது என்றால் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் புரொடக்‌ஷன் ரிசர்ச், கம்ப்யூட்டர்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் இரண்டையும் பாருங்கள்.

எதற்கு அனுப்புவது என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து, நீங்கள் அதிகம் சார்ந்திருக்கும் கட்டுரைகள் எந்த இதழில் வந்தவை என்று பாருங்கள். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அப்புறம் அந்த இதழின் கடைசி இரண்டு ஆண்டு உள்ளடக்கத்தைப் புரட்டி, உங்கள் பிரச்சினைக்கு நெருக்கமான கட்டுரை ஒன்றையாவது முழுக்கப் படியுங்கள். அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் இதழ் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பட்டம் பெற, ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களின் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வர வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்கலாம். அந்தப் பட்டியலை நூலகத் தளத்தின் வழியாக நீங்களே போய்ப் பாருங்கள். இதழின் சொந்தப் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம். ஸ்கோபஸ் சில இதழ்களைப் பாதியில் நீக்குவதும் உண்டு, அதற்கும் தனிப் பட்டியல் இருக்கிறது.

மின்னஞ்சலில் தேடி வந்து கட்டுரை கேட்கும் இதழ்களிடம் கவனமாக இருங்கள். பத்து நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று ஒருவர் எழுதினால், அந்த இதழின் எடிட்டர் குழுவில் உள்ள இருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்கள் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பகுதி நேர மாணவர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து சில ஆயிரம் ரிங்கிட்டைக் கட்டி, கடைசியில் பல்கலைக்கழகம் ஏற்காத இதழில் கட்டுரை போட்டுவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனத்துப் போகிறது. நல்ல ஷெட்யூலிங் இதழ்கள் பலவற்றில் சந்தா வழியில், அதாவது வாசகரோ நூலகமோ பணம் கட்டிப் படிக்கும் முறையில், வெளியிட ஆசிரியர் ஒரு சென்கூடக் கட்ட வேண்டியதில்லை.

மாநாட்டில் தொடங்குவதும் நல்ல வழி. இந்தத் துறைக்கு மிஸ்டா, பட்டாட் என்று இரண்டு மாநாடுகள் உண்டு. பட்டாட் 1995இல் எடின்பரோவில் தொடங்கியது, அட்டவணை அமைப்பதற்கென்றே உள்ளது. ஷெட்யூலிங் முழுவதையும் தொடும் மிஸ்டா 2017இல் கோலாலம்பூரிலேயே நடந்தது. மாநாட்டில் பேசினால் கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளைத்தான் பின்னால் மதிப்பாய்வாளர்களும் கேட்பார்கள்.

பிரச்சினையை வரையறுப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். பினாங்குக்காரர்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

சிப் தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் பர்ன்-இன் என்று ஒரு சோதனை இருக்கிறது. சிப்புகளை போர்டுகளில் பொருத்தி, போர்டுகளை அடுப்பில் அடுக்கி, சுமார் 125 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் மின்சாரம் கொடுத்து வைப்பார்கள். பலவீனமான சிப் அங்கேயே செத்துவிடும், வாடிக்கையாளரிடம் போய்ச் சேராது. ஒவ்வொரு ரகத்துக்கும் குறைந்தபட்ச நேரம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் எடுக்கக்கூடாது, கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. கதவை மூடினால் இடையில் திறக்க முடியாது. ஆக, ஒன்றாக உள்ளே போனவற்றில் எதற்கு அதிக நேரம் வேண்டுமோ, அத்தனை நேரம் எல்லாமே உள்ளே இருக்கும்.

ஓர் அடுப்பு, ஒரு தடவைக்கு 4 போர்டு, காத்திருப்பவை 8 போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவையான மணி நேரம் 24, 24, 20, 18, 12, 10, 8, 6. நீண்ட நேரம் வேண்டியவற்றை ஒன்றாகப் போட்டால் முதல் தொகுதிக்கு 24 மணி, இரண்டாவதுக்கு 12 மணி, மொத்தம் 36. வந்த வரிசையில் கலந்து ஏற்றி, இரண்டு தொகுதியிலும் ஆளுக்கொரு 24 மணி போர்டு விழுந்துவிட்டால் மொத்தம் 48. ஒரே அடுப்பு, அதே போர்டுகள், 12 மணி நேரம் போய்விட்டது. தளத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இது சட்டெனப் புரியும். இதிலேயே ஆய்வுக் கட்டுரை இருக்கிறது என்று நினைக்கவும் தோன்றும்.

ஆனால் இந்த வடிவில் இது எப்போதோ தீர்ந்துபோன கணக்கு. எல்லா போர்டும் ஒரே அளவு, எல்லாமே இப்போதே தயார், வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றால், நேரப்படி இறங்கு வரிசையில் அடுக்கி நான்கு நான்காக ஏற்றினாலே உகந்த தீர்வு கிடைத்துவிடும். பர்ன்-இன் ஷெட்யூலிங்கை லீ, உஸ்சோய், மார்ட்டின்-வேகா மூவரும் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் இதழில் எழுதியது 1992இல். இன்று ஒருவர் அதையே புதிதாகச் சொன்னால் எடிட்டர் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்.

இப்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள். போர்டுகள் வெவ்வேறு அளவு, சிலது அடுப்பில் ஓர் இடத்தையும் சிலது மூன்று இடத்தையும் பிடிக்கும். உடனே கணக்கின் குணமே மாறிவிடுகிறது. எதை எதோடு சேர்த்தால் அடுப்பு நிறையும் என்ற பொதி அடைக்கும் பிரச்சினை உள்ளே வந்துவிடும், அது என்பி-கடினம் என்று, அதாவது எல்லாக் கணக்குக்கும் வேகமாக உகந்த விடை தரும் வழி யாருக்கும் தெரியாத வகை என்று, நிரூபிக்கப்பட்ட ஒன்று. உஸ்சோய் 1994இல் இந்த வடிவத்தை எழுதினார். வெப்பநிலை வேறுபட்டால் ரகங்களைக் கலக்க முடியாது, அது இன்னொரு பிரச்சினை. லாட்டுகள் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால் அது வேறொன்று. போர்டுகளே பற்றாக்குறை என்றால் அதுவும் தனி.

இப்படி எந்த விவரம் உள்ளே, எது வெளியே என்று சொல்லத்தான் துறைக்கென ஒரு குறியீடு இருக்கிறது. கிரஹாம், லாலர், லென்ஸ்ட்ரா, ரின்னூய் கான் ஆகிய நால்வர் 1979இல் கொடுத்தது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று கட்டம். முதல் கட்டம் இயந்திரங்களைச் சொல்லும், இரண்டாவது நிபந்தனைகளை, மூன்றாவது நோக்கத்தை. உங்கள் பிரச்சினையை இந்த மூன்று கட்டத்தில் எழுதிப் பாருங்கள். முழுக்க அடங்காவிட்டாலும் பரவாயில்லை. எது அடங்கவில்லையோ, அதுதான் பெரும்பாலும் உங்கள் கட்டுரையின் புதுமை.

அடுத்து, குறியீட்டுப் பட்டியல் ஒன்று போட்டு, கணித மாதிரியை முழுமையாக எழுதுங்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு வாக்கியம் விளக்கம் வேண்டும். கூடவே, மேலே பார்த்த மாதிரி கையால் போட்டுப் பார்க்கக்கூடிய சிறு உதாரணம் ஒன்றும் வேண்டும். மதிப்பாய்வாளர் அந்த உதாரணத்தைத் தாளில் போட்டுப் பார்த்து விடை ஒத்துப்போனால், மீதிக் கட்டுரையை வேறு மனநிலையில் படிப்பார்.

புதுமை எங்கே என்று ஒரு பத்தியில் சொல்லுங்கள்

முன்னுரையின் கடைசியில் அந்தப் பத்தி வர வேண்டும். புதிய பிரச்சினையா, பழைய பிரச்சினையின் கடினத்தன்மை பற்றிய புதிய நிரூபணமா, சரியான தீர்வு தரும் புதிய வழிமுறையா, வேகமான ஹியூரிஸ்டிக்கா (உகந்தது என்ற உறுதி இல்லாமல் நல்ல விடையைச் சீக்கிரம் தரும் வழிமுறையா) என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். நான்கும் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒன்று உறுதியாக இருந்தால் போதும்.

விலங்கு, பறவை, பூச்சி பெயரில் புதிது புதிதாக வழிமுறை உண்டாக்குவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஓநாய், வௌவால் என்று பெயர் மாறும், உள்ளே பார்த்தால் பழைய தேடல் முறைதான் இருக்கும். 2015இல் கென்னத் சோரன்சன் எழுதிய ஒரு விமர்சனக் கட்டுரைக்குப் பிறகு நல்ல இதழ்கள் இதில் கண்டிப்பாகிவிட்டன. உங்கள் பிரச்சினையின் அமைப்பைப் பயன்படுத்தும் ஓர் எளிய உள்ளூர்த் தேடல் (கையில் உள்ள தீர்வைச் சிறிது சிறிதாக மாற்றி மேம்படுத்துவது), பெயர் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும், பத்து மடங்கு மதிப்புள்ளது. அடுப்பு உதாரணத்தில், நீண்ட நேரம் வேண்டிய போர்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால் நல்லது என்ற உண்மையை வைத்தே தேடலைச் சுருக்க முடியும். அதை எழுதுங்கள்.

சோதனையும் எண்களும்

உங்கள் எண்களை நம்பலாமா என்பதுதான் மதிப்பாய்வாளரின் பெரிய கவலை. அதைத் தீர்த்துவைப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் பிரச்சினைக்குப் பொது பெஞ்ச்மார்க் (எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்தும் மாதிரிக் கணக்குத் தொகுப்பு) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒவ்வொரு வேலையும் தனக்கென்ற வரிசையில் இயந்திரங்களுக்குப் போகும் ஜாப் ஷாப், எல்லா வேலையும் ஒரே வரிசையில் போகும் ஃப்ளோ ஷாப் வகைக்கு டெய்லார்ட் 1993இல் வெளியிட்ட கணக்குகள் இருக்கின்றன. திட்ட ஷெட்யூலிங்குக்கு பிஎஸ்பிலிப் தொகுப்பு. தேர்வு அட்டவணைக்கு டொராண்டோ தொகுப்பு. சர்வதேச அட்டவணைப் போட்டிகளின் தரவும் கிடைக்கும், உதாரணமாக 2019 போட்டியினுடையது. இந்தக் கணக்குகளைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஃபிஷரும் தாம்சனும் 1963இல் கொடுத்த 10 வேலை, 10 இயந்திரக் கணக்கு ஒன்றுக்கு உகந்த விடை 930 என்று நிரூபணமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெஞ்ச்மார்க்கை எங்கிருந்து எடுத்தீர்கள், எந்தப் பதிப்பு என்பதையும் எழுத வேண்டும். டொராண்டோ தொகுப்பு இதற்கு நல்ல பாடம். ஒரே பெயரில் கொஞ்சம் வேறுபட்ட தரவுகள் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருவர் ஒன்றில் ஓட்டிய விடையை இன்னொருவர் வேறொன்றில் ஓட்டிய விடையோடு ஒப்பிட்டு, யார் மேல் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2009இல் ஜர்னல் ஆஃப் ஷெட்யூலிங்கில் வந்த ஒரு மீளாய்வுக் கட்டுரைதான் அவற்றைப் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்து ஒழுங்குபடுத்தியது.

சிறிய கணக்குகளைக் குரோபி, சிபிளெக்ஸ் அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்-டூல்ஸ் போன்ற, உகந்த விடை தேடும் மென்பொருள் ஒன்றில் ஓட்டி, உகந்த விடையோடு உங்கள் ஹியூரிஸ்டிக் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டுங்கள். பெரிய கணக்குகளுக்குக் கீழ் எல்லை (உகந்த விடை இதற்குக் கீழே போக முடியாது என்று காட்டும் எண்) ஒன்றாவது வேண்டும். தற்செயல் தேர்வு கலந்த வழிமுறை என்றால் ஒரே ஓட்டத்தின் விடையைப் போடக்கூடாது. பல தடவை ஓட்டி, சிறந்தது, சராசரி, திட்ட விலக்கம் மூன்றையும் கொடுங்கள். கணினியின் விவரம், நிரல்மொழி, நேர வரம்பு எல்லாம் வேண்டும். இரண்டு வழிமுறைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் உண்மையானதுதானா என்று காட்ட வில்காக்ஸன் சோதனை மாதிரி ஒரு புள்ளியியல் சோதனையைச் செய்யுங்கள். எந்தக் கணக்குகளை வைத்து அளவுருக்களைச் சரிசெய்தீர்களோ, அவற்றையே இறுதிச் சோதனைக்கும் பயன்படுத்தாதீர்கள்.

தொழிற்சாலைத் தரவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிறுவனத்தில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதனால் தரவைத் தொடுவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மேலாளர் வாயால் சொன்னது போதாது, அவர் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். ரகங்களின் பெயர், வாடிக்கையாளர் பெயர், உண்மையான உற்பத்தி அளவு எதுவும் வெளியே போகக்கூடாது. பலர் செய்வது இதுதான்: உண்மைத் தரவிலிருந்து நேரப் பரவல், அளவுப் பரவல், லாட் வரும் வேகம் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே குணமுள்ள செயற்கைக் கணக்குகளை உருவாக்குவது. அவற்றை ஸெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிரந்தர எண்ணும் கிடைக்கும், கட்டுரையில் அதைக் குறிப்பிடலாம். நிறுவனத்தின் ரகசியம் காப்பாற்றப்படும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்க்கவும் முடியும்.

எழுதும்போது

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைப் பள்ளி முடித்து, ஆங்கிலத்தில் ஆய்வு எழுதுபவர்கள் நாம். மொழி வராதோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. என் அனுபவத்தில் மொழியைவிட வாதம் தெளிவில்லாததுதான் பெரிய சிக்கல். எழுதுவதற்கு முன் துறை தெரிந்த நண்பர் ஒருவரை ஒரு தேத்தாரேக்குக் கூட்டிப்போய், பிரச்சினை என்ன, பழையவர்கள் என்ன செய்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு முன்னேற்றம் என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் புருவத்தைச் சுருக்குகிறாரோ, அங்கே உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும். ஆடம்பரமான ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை.

எழுதும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பிரச்சினை வரையறை, பிறகு வழிமுறை, பிறகு சோதனை. அதன் பின்னர் முந்தைய ஆய்வுகள், முன்னுரை. சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். சுருக்கத்தில் எண் ஒன்றாவது இருக்கட்டும். முந்தைய ஆய்வுகள் பகுதியை, இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார் என்று வரிசையாக அடுக்காமல், எந்த நிபந்தனையை யார் கவனித்தார்கள், யாரும் கவனிக்காதது எது என்று ஓர் அட்டவணையாகப் போட்டால் உங்கள் இடம் தானாகவே தெரியும்.

லேடெக் என்ற ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். சூத்திரங்கள் நிறைந்த கட்டுரைக்கு அது கொடுக்கும் நிம்மதியை வேறெதுவும் கொடுக்காது. பதிப்பகங்களின் வார்ப்புருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கான்ட் வரைபடங்களை (எந்த வேலை எப்போது எதில் நடக்கிறது என்று பட்டைகளால் காட்டும் படங்களை) வண்ணத்தை மட்டும் நம்பிப் போடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் எந்த வேலை எது என்று தெரிய வேண்டும்.

மாநாட்டுக் கட்டுரையை விரித்து எழுதியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், என்ன கூடுதல் என்பதையும் சேர்த்து. சொந்த வாக்கியங்களைத் திரும்பப் பயன்படுத்தினாலும் ஒப்பீட்டு மென்பொருள் பிடித்துவிடும். சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியர் பட்டியலில் போடப் பெரிய பதிப்பகங்கள் எதுவும் அனுமதிப்பதில்லை. மொழி திருத்த மட்டும் பயன்படுத்தியிருந்தாலும் அந்த இதழின் விதி என்ன என்று படித்து அதன்படி செய்யுங்கள். அவை தரும் மேற்கோள்களை நூலகத்தில் சரிபார்க்காமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு மேற்கோள் கொடுத்திருப்பது தெரிந்தால் மொத்தக் கட்டுரையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உங்கள் பெயர்

நம் ஊர்த் தமிழர்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் இது, பலரும் எச்சரிப்பதில்லை. அடையாள அட்டையில் நம் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். சமர்ப்பிப்புத் தளம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கொடுக்கும். ஒரு கட்டுரையில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, இன்னொன்றில் சொந்தப் பெயரைப் போட்டால், ஸ்கோபஸில் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். மேற்கோள்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துபோகும்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஏ/எல், ஏ/பியை விட்டுவிடுவது நல்லது, அந்தச் சாய்கோடு சில தளங்களில் குழப்பம் உண்டாக்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டால் வெளிநாட்டில் உங்களை அந்தப் பெயரால் அழைப்பார்கள், அதில் உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆயுளுக்கும் அதுவே. ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் ஒன்றை இலவசமாகப் பதிவு செய்துகொண்டு எல்லாக் கட்டுரையிலும் அதைக் கொடுங்கள்.

சமர்ப்பிக்கும் நாள்

இந்த வேலையைச் செய்ய ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஷிப்டு முடிந்து களைத்துப்போய் வந்து செய்யும் வேலையல்ல.

ஆசிரியர்களின் வரிசையை மேற்பார்வையாளரோடு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். நிறுவனத்தில் உதவிய மேலாளர் ஆய்வில் உண்மையாகவே பங்கெடுத்திருந்தால் ஆசிரியர் பட்டியலில் வரலாம், தரவு மட்டும் கொடுத்திருந்தால் நன்றியுரையில் வரட்டும். மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது தவறு. எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசு ஆய்வு மானியத்தில் நடந்த ஆய்வு என்றால் மானிய எண்ணைக் குறிப்பிடுங்கள். நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பதை நலன் முரண் அறிக்கையில் சொல்லிவிடுங்கள். தரவு எங்கே கிடைக்கும் என்று ஓர் அறிக்கையும் கேட்பார்கள்.

ஆசிரியர் பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழ் என்றால், பெயரை நீக்கியது மட்டும் போதாது. நன்றியுரை, கோப்பின் பண்புகள், ‘எங்கள் முந்தைய கட்டுரையில்’ என்ற வாக்கியம், களஞ்சியத்தின் சுட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

எடிட்டருக்கான கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பிரச்சினை என்ன, புதிது என்ன, ஏன் இந்த இதழ், வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி. இவ்வளவுதான். மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால், உங்கள் பிரச்சினையில் அண்மையில் எழுதியவர்களைச் சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து எழுதியவர்கள், உங்கள் பல்கலைக்கழகத் துறையிலேயே இருப்பவர்கள் வேண்டாம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது.

தளம் உருவாக்கித் தரும் பிடிஎஃப்பைத் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். சூத்திரம் உடைந்திருக்கும், படம் காணாமல் போயிருக்கும். பார்த்த பிறகுதான் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும்.

பதில் வந்த பிறகு

சில நாட்களிலேயே பதில் வந்தால் அது பெரும்பாலும் எடிட்டரே திருப்பியது. இதழுக்குப் பொருந்தவில்லை, புதுமை போதாது என்று எழுதியிருப்பார். மதிப்பாய்வுக்குப் போயிருந்தால் மாதக் கணக்கில் ஆகும். இந்தத் துறையில் ஆறு மாதம் ஆனாலும் ஆச்சரியமில்லை, அதனால் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் சத்தமே இல்லையென்றால் எடிட்டருக்குப் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.

பெரிய திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. மனம் வாடாதீர்கள். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே பதிலை எழுதுங்கள். ‘ஒப்பீட்டுக்கு எடுத்த ஹியூரிஸ்டிக் மிகப் பழையது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நன்றி, திருத்திவிட்டோம்’ என்று ஒரு வரி எழுதினால் அவர் மறுபடி கட்டுரை முழுக்கத் தேட வேண்டும். அதற்குப் பதிலாக, எந்த அண்மைய வழிமுறையைச் சேர்த்தீர்கள், அதே கணினியில் அதே நேர வரம்பில் ஓட்டினீர்களா, எந்த வகைக் கணக்கில் அது உங்களைவிட நன்றாகச் செய்தது, ஏன், எந்தப் பக்கத்தில் எந்த அட்டவணை என்று எழுதுங்கள். மற்றவருடைய வழிமுறை வென்ற இடத்தை நீங்களே சொல்வது உங்கள் எண்கள் மேல் நம்பிக்கையைக் கூட்டும். மதிப்பாய்வாளர் சொன்னது தவறு என்றால் காரணத்தோடு மறுக்கலாம். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால், அந்த இடத்தை இன்னும் தெளிவாகத் திருத்தி எழுதிவிட்டு, திருத்தியதைச் சொல்லுங்கள்.

நிராகரித்துவிட்டால் அதே கோப்பை அன்றிரவே அடுத்த இதழுக்கு அனுப்பாதீர்கள். ஷெட்யூலிங் சின்ன உலகம். அடுத்த இதழும் அதே மதிப்பாய்வாளருக்கே அனுப்பலாம், தான் சொன்ன எதையும் திருத்தாமல் வந்திருக்கும் கட்டுரையை அவர் பார்ப்பார்.

ஏற்றுக்கொண்டார்கள் என்று வையுங்கள். இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். முதலாவது, வெளியீட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் படிவம். திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்க ஆசிரியர் பணம் கட்டும் முறை) என்பதை அவசரத்தில் சொடுக்கிவிட்டால் பெரிய தொகைக்கு பில் வரும். நூலகத்துக்குப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் சந்தா வழியைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தாலும், ஏற்கப்பட்ட பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட வழி உண்டு. ஸ்பிரிங்கரின் சந்தா வழிக் கட்டுரைகளுக்கு அது 12 மாதம் கழித்து. இரண்டாவது, அச்சுப்படி. ஓரிரு நாளில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். பெயர், நிறுவன முகவரி, சூத்திரங்களின் கீழ்க்குறிகள், அட்டவணை எண்கள் ஆகியவற்றைக் கணினித் திரையில் பார்க்காமல் அச்சிட்டு, உங்கள் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். கட்டுரை வெளியானதும் தரவுக்கு ஒப்புதல் கொடுத்த மேலாளருக்குப் பிரதி ஒன்றை அனுப்பி, பர்ன்-இன் தளத்தில் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த ஆய்வுக்குத் தரவு கேட்டுப் போகும்போது அவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.